ஜெர்மன்–அமெரிக்கப் பள்ளிப் பரிமாற்றம்: முதல் தடவை நடத்துறவங்க எதை எப்போ செய்யணும்?

#1 பிட்ஸ்பர்க்_மீனா
ஹைஸ்கூல் ஜெர்மன் வகுப்புப் பிள்ளைகள் 16 பேர். பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்துல ஒரு ஜிம்னாசியம் (பல்கலைக்கழகப் படிப்புக்குத் தயார் பண்ற உயர்நிலைப் பள்ளி) கூட்டு சேரச் சம்மதம் சொல்லிட்டாங்க. அவங்க அக்டோபர்ல இங்க வர்றாங்க, நம்ம பிள்ளைகள் அடுத்த ஜூன்ல அங்க போறாங்க. ரெண்டு பக்கமும் மூணு வாரம், மாணவர் வீடுகள்லயே தங்கல். பெற்றோர் குழு சார்பா டீச்சருக்கு உதவணும். டிக்கெட் இப்ப மலிவா இருக்கு, முதல்ல அதைப் போட்டுடலாம்னு குழுவுல பேச்சு. இன்னொண்ணு, 16 பேர்ல நாலு பேருக்கு இந்தியப் பாஸ்போர்ட். இதுல என்ன சிக்கல் வரும்?

#2 கறுங்காடு_வாத்தி
டிக்கெற்றில இப்ப கை வைக்காதேங்கோ அக்கா. முதல் ரெண்டு பள்ளிக்கூடத்தின்ர கலண்டரையும் பக்கத்தில பக்கத்தில வைச்சுப் பாருங்கோ.

ஜேர்மனியில 16 மாநிலம், 16 விடுமுறைப் பட்டியல். ரோட்டில எல்லாரும் ஒரே நாளில இறங்கக்கூடாது எண்டு கோடை விடுமுறையை மாநிலத்துக்கு மாநிலம் மாத்தி மாத்தி விடுவினம். பவேரியாவும் பாடன்-வூர்ட்டம்பெர்க்கும் அந்தச் சுழற்சியில இல்லை. அங்க எப்பவும் யூலைக் கடைசி, ஓகஸ்ட் தொடக்கத்திலதான் பூட்டுவினம். அதைப் பாத்திட்டு, யூன் முழுக்க வகுப்பு நடக்கும் எண்டு அமெரிக்கப் பக்கம் கணக்குப் போட்டுடும். அங்கதான் பிழைக்கிறது. இந்த ரெண்டு மாநிலத்திலயும் பெந்தகொஸ்தே விடுமுறை, ‘ஃபிங்ஸ்ட்ஃபேரியன்’, கிட்டத்தட்ட ரெண்டு கிழமை. ஈஸ்டரோட சேந்து அது நகரும். 2026இல பெந்தகொஸ்தே ஞாயிறு மே 24, அதனால யூன் முதல் கிழமையும் லீவு. 2027இல மே 16, மாதக் கடைசியோட முடிஞ்சிடும். பிள்ளையள் வந்து இறங்கேக்க கூட்டாளி மாணவன் குடும்பத்தோட இத்தாலியில நிண்டால் என்ன செய்யிறது?

கோடை விடுமுறைக்கு முந்தின கடைசிக் கிழமையளும் வேண்டாம். புள்ளி முடிவானாப் பிறகு நடைபயணமும் செயல்திட்ட நாளும்தான், பாடம் பேருக்கு. யூன் நடுவிலயிருந்து யூலை முதல் கிழமை வரைக்கும் நல்ல இடைவெளி.

அக்டோபருக்கு வாறது வேற கதை. இந்த மாநிலத்தில இலையுதிர்கால விடுமுறை மாதக் கடைசியில, ஒரு கிழமை அளவுதான். மிச்ச நாளெல்லாம் பாடத்தை விட்டிட்டுத்தான் வரவேணும். பள்ளி நிகழ்வு எண்டு அதிபரின்ர அனுமதி எழுத்தில இருக்கவேணும், தவறுற வகுப்புச் சோதனையளுக்கு மாற்று நாளும் குறிச்சு வைக்கவேணும். ஜிம்னாசியத்தின்ர கடைசி ரெண்டு வருசப் புள்ளி அபிட்டூர் எண்ட பள்ளி இறுதிச் சான்றிதழின்ர கணக்கில சேரும், அதனால அந்த வகுப்புப் பிள்ளையளைக் கூட்டிவர ஆசிரியர்மார் தயங்குவினம். அதுக்கு முந்தின வகுப்புத்தான் பொருத்தம்.

#3 ஒஹையோ_டீச்சர்
அமெரிக்கப் பக்கத்துக்கும் ஒரு வரி. அக்டோபரில் பி.எஸ்.ஏ.டி. (கல்லூரி நுழைவுக்கான முன்னோட்டத் தேர்வு) தேர்வும், ஹோம்கமிங் என்ற பள்ளிக் கொண்டாட்ட வாரமும் இருக்கும். ஹோம்கமிங்கை விருந்தினர் பார்க்கட்டும், தேர்வு நாளன்று அவர்களுக்குத் தனி வேலை வைத்துவிடுங்கள். ஜெர்மானியர்கள் வசந்தத்தில் வருவதானால் ஏப்ரல் மாநிலத் தேர்வு, மே முதல் இரண்டு வாரம் ஏ.பி. (கல்லூரி நிலைப் பாடங்களுக்கான) தேர்வு, அந்த நேரத்தில் எந்த ஆசிரியரும் வகுப்பில் விருந்தினரை விரும்பமாட்டார்.

வெளிநாட்டுப் பயணத்துக்குப் பெரும்பாலான பள்ளி மாவட்டங்களில் கல்வி வாரியத்தின் ஒப்புதல் வேண்டும். வாரியம் மாதம் ஒரு முறையோ இரு முறையோதான் கூடும். பயணத் திட்டம், செலவு, காப்பீடு, கூடவரும் பெரியவர்கள் பட்டியல் எல்லாம் அதற்கு முன்பே தயாராக வேண்டும். ஒப்புதல் வருவதற்குள் கட்டிய முன்பணம் பெற்றோர் தலையில்தான் விழும்.

காப் திட்டத்தில் பதிவு செய்கிறீர்களா? 1972இலிருந்து நடக்கும் ஜெர்மன்–அமெரிக்கக் கூட்டுத் திட்டம் அது. அமெரிக்கப் பக்கம் நியூயார்க்கில் உள்ள கோதே நிறுவனம், ஜெர்மன் பக்கம் பான் நகரத்தில் உள்ள கல்விப் பரிமாற்ற அலுவலகம். இரண்டு பள்ளிகளும் தனித்தனியே பதிய வேண்டும். பயண உதவித்தொகைக்கும் அவர்களிடமே விண்ணப்பம். கடைசித் தேதியை இரு பக்கமும் சரிபார்த்துக்கொள்ளுங்கள், ஒரு பள்ளி பதிந்து மற்றது மறந்து போவது வழக்கமான விபத்து.

#4 விசா_வக்கணை
நாலு இந்தியப் பாஸ்போர்ட் விஷயம். “அமெரிக்காவில் படிக்கும் பிள்ளை” என்பதற்கு எல்லையில் மதிப்பே இல்லை. கையில் இருக்கும் பாஸ்போர்ட்தான் பேசும்.

அமெரிக்கப் பாஸ்போர்ட் என்றால் 180 நாளில் 90 நாள் வரை ஷெங்கன் விசா (ஜெர்மனி உட்பட ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குமான பொது விசா) தேவையில்லை. இந்தியப் பாஸ்போர்ட் என்றால் கிரீன்கார்டு இருந்தாலும் ஷெங்கன் விசா வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாள் முன்பு கொடுத்தாக வேண்டும். ஜூன் பயணத்துக்கு டிசம்பரிலேயே நேரம் பார்க்கத் தொடங்குங்கள், கோடையில் அப்பாயின்ட்மென்ட் கிடைப்பது குதிரைக்கொம்பு. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். பலர் கவனிக்காத சலுகை ஒன்று: கல்விப் பயணம் போகும் பள்ளி மாணவருக்கும் கூடப்போகும் ஆசிரியருக்கும் ஷெங்கன் விசாக் கட்டணம் கிடையாது. ஜெர்மன் பள்ளியின் அழைப்புக் கடிதத்தில் “பள்ளிப் பரிமாற்றம்” என்று தெளிவாக இருக்க வேண்டும். சேவை மையம் தன் கட்டணத்தைத் தனியாகக் கேட்கலாம்.

போவதைவிடத் திரும்பி வருவதுதான் ஆபத்து. அந்த நாலு பேரும் எச்-4இல், அதாவது எச்-1பி வேலை விசாக்காரரின் குடும்பத்தாருக்கான விசாவில், இருந்தால் பாஸ்போர்ட்டில் ஒட்டியிருக்கும் விசா ஸ்டாம்பின் தேதியைப் பாருங்கள், ஐ-94 (எதுவரை தங்கலாம் என்று காட்டும் நுழைவுப் பதிவு) தேதியை அல்ல. ஸ்டாம்ப் காலாவதியாகியிருந்தாலும் அமெரிக்காவுக்குள் இருக்கும்வரை ஒன்றும் இல்லை, ஐ-94 காப்பாற்றும். வெளியே போனால் திரும்ப ஏற முடியாது. கனடா, மெக்சிகோவுக்கு 30 நாளுக்குள் போய்வரும் சலுகை ஜெர்மனிக்குப் பொருந்தாது.

#5 பிட்ஸ்பர்க்_மீனா
ரெண்டு பேருக்கு ஸ்டாம்ப் முடிஞ்சிருக்கு. பிராங்க்ஃபர்ட் தூதரகத்துல போட்டுக்கலாம்னு ஒரு அப்பா சொல்றாரு, முடியுமா?

#6 விசா_வக்கணை
அந்தத் திட்டத்தை விட்டுவிடச் சொல்லுங்கள். குடியுரிமை உள்ள நாட்டிலோ வசிக்கும் நாட்டிலோ விண்ணப்பிக்க வேண்டும் என்பதுதான் 2025 செப்டம்பரிலிருந்து நிலை. ஜெர்மனியில் மூன்று வாரம் தங்குவது வசிப்பது ஆகாது. இந்தியா போய் ஸ்டாம்ப் வாங்கி வந்திருந்தால் பிள்ளையைச் சேருங்கள். இல்லையென்றால் இந்த வருடம் வீட்டில் விருந்தினரை ஏற்கும் பங்கு மட்டும் கொடுங்கள். அதையும் இப்போதே சொல்லிவிடுங்கள். மே மாதத்தில் சொன்னால் பிள்ளை நொறுங்கிவிடும்.

கிரீன்கார்டு விண்ணப்பம், அதாவது ஐ-485, நிலுவையில் இருந்தால் செல்லுபடியாகும் எச்-4 ஸ்டாம்ப் அல்லது அட்வான்ஸ் பரோல் (வெளியே போய்த் திரும்ப முன்கூட்டியே வாங்கும் அனுமதி), இரண்டில் ஒன்று இல்லாமல் கிளம்பக்கூடாது. கிளம்பினால் விண்ணப்பத்தைக் கைவிட்டதாக எடுத்துக்கொள்வார்கள். வீட்டு வக்கீலிடம் எழுத்தில் கேட்டு வாங்கச் சொல்லுங்கள், பெற்றோர் குழு இதில் தீர்ப்புச் சொல்லக்கூடாது.

அமெரிக்கப் பாஸ்போர்ட் பிள்ளைகளையும் விட்டுவிடாதீர்கள். 16 வயதுக்குள் எடுத்த பாஸ்போர்ட் ஐந்தே வருடம்தான். ஷெங்கனை விட்டுக் கிளம்பும் நாளுக்குப் பிறகும் மூன்று மாதம் செல்ல வேண்டும். 16க்குக் கீழ் புதிதாக எடுக்க அப்பா அம்மா இருவர் சம்மதமும் வேண்டும். பிரிந்து வாழும் பெற்றோர் இருந்தால் அங்கே வாரக்கணக்கில் இழுக்கும்.

#7 டோர்ட்முண்ட்_சுதன்
ஜேர்மன் பக்கத்தால வாறவைக்கு:

ஜேர்மன் பாஸ்போட் எண்டால் எஸ்டா, விசா இல்லாமல் போறதுக்கு இணையத்தில எடுக்கிற அமெரிக்க அனுமதி. 2025 செப்டம்பர் 30இல கட்டணத்தை 40 டொலர் ஆக்கினவை, ரெண்டு வருசம் செல்லும். அமெரிக்க அரசின்ர சொந்தத் தளத்தில மட்டும் போடுங்கோ. தேடினா முதல் வாற நாலைஞ்சு தளம் அதே படிவத்தை ரெண்டு மடங்கு காசுக்கு நிரப்பித் தாறவை.

பேரில ஊம்லவுட் இருந்தா கவனம். பாஸ்போட்டின்ர மேல் பக்கத்தில ‘மூல்லர்’ ஒரு எழுத்துக்கு மேல ரெண்டு புள்ளியோட இருக்கும். கீழ இருக்கிற மெஷின் வரியில அந்தப் புள்ளிக்குப் பதிலா பின்னால ஒரு ஆங்கில ‘ஈ’ (E) எழுத்துச் சேர்ந்திருக்கும். எஸ்டாவுக்கும் டிக்கெற்றுக்கும் அந்தக் கீழ் வரியைப் பாத்து எழுதவேணும். ஒண்டில புள்ளியை வெறுமனே விட்டிட்டு மற்றதில ‘ஈ’ போட்டா, செக்-இன் கவுண்டரில ரெண்டு பேரும் ரெண்டு ஆள்.

ஈரான், ஈராக், சிரியா, சூடான் மாதிரி நாடுகளின்ர இரட்டைக் குடியுரிமை இருந்தாலோ, 2011 மார்ச் 1க்குப் பிறகு அங்க போய்வந்திருந்தாலோ எஸ்டா கிடைக்காது. கியூபாவுக்கு லீவுக்குப் போன குடும்பமும் இதில மாட்டும், அதுக்கு 2021 ஜனவரி 12தான் கணக்கு. இவையெல்லாம் தூதரகத்தில விசா எடுக்கவேணும், நேர்முகத்துக்குப் போகவேணும். எங்கட ஆக்கள்ல இன்னும் அகதிப் பயண ஆவணத்தில, நீலப் புத்தகத்தில, போற வீடுகள் இருக்கு. அதுக்கும் எஸ்டா இல்லை. ஐரோப்பாவுக்குள்ள பள்ளிச் சுற்றுலாவுக்கு ஒரு மாணவர் பட்டியலில முத்திரை குத்திப் போகலாம். அந்த வழி அமெரிக்காவுக்குச் செல்லாது.

#8 விசா_வக்கணை
சுதன் சொன்னதோடு ஒன்று. எஸ்டாவில் வருபவர் புள்ளிக் கணக்கில் சேரும் படிப்பைப் படிக்க முடியாது. விருந்தினராக வகுப்பில் உட்காருவது வேறு, மாணவராகச் சேர்த்து மதிப்பெண் கொடுப்பது வேறு. பள்ளி அலுவலகம் பழக்கத்தில் அவர்களைக் கணினியில் “சேர்க்கை” என்று ஏற்றிவிடும். எந்த விசா வகையில் வருவது என்பதைத் திட்ட அலுவலகத்திடமும் மாவட்டத்திடமும் முதலிலேயே எழுத்தில் கேளுங்கள். ஒவ்வொரு பிள்ளை கையிலும் இரண்டு பள்ளிகளின் கடிதம், விருந்தோம்பும் வீட்டு முகவரி, திரும்பும் டிக்கெட், இரு பெற்றோரின் சம்மதக் கடிதம், எல்லாம் தாளில் இருக்கட்டும். குடியேற்ற வரிசையில் கைபேசியைத் திறக்க விடமாட்டார்கள்.

#9 ஒஹையோ_டீச்சர்
இனி வீடு. பரிமாற்றம் உடைவது பெரும்பாலும் இங்கேதான்.

படிவத்தில் “பொழுதுபோக்கு என்ன” என்று கேட்டுப் பொருத்தம் பார்ப்பார்கள். அது பயன்படாது, எல்லோரும் இசை, நண்பர்கள், பயணம் என்றே எழுதுவார்கள். வீட்டைப் பற்றிக் கேளுங்கள்: பூனை நாய் உண்டா, யாராவது புகை பிடிப்பார்களா, பிள்ளை எத்தனை மணிக்குத் தூங்கும், பள்ளி முடிந்து வீட்டில் யார் இருப்பார், ஞாயிறு கோவிலுக்குப் போவார்களா, தனிக் கட்டில் உண்டா, பள்ளிக்கு எப்படிப் போவது. பூனை ஒவ்வாமையை விமானம் ஏறிய பிறகு சொல்லும் பிள்ளைகள் உண்டு. அதனால் “ஒவ்வாமை இல்லை” என்பதற்கும் பெற்றோர் கையெழுத்து வாங்குங்கள்.

எண்ணிக்கை ஒருபோதும் சமமாக வராது. ஜெர்மன் பட்டியலில் 20, உங்கள் பட்டியலில் 16 என்றால் நாலு வீடு இரண்டு பேரை ஏற்க வேண்டும், அல்லது அங்கேயே குறைக்க வேண்டும். பெண் பிள்ளைகள் அதிகமாக வருவதும் வழக்கம். மாணவனை மாணவி வீட்டில் வைப்பதானால் இரு குடும்பமும் எழுதிக் கொடுத்து, தனி அறையும் இருந்தால் மட்டும். ஐந்து பேருக்கு ஒரு மாற்று வீடு கணக்கில் முன்பே பேசி வையுங்கள். நடுவில் ஒரு தாத்தா ஆஸ்பத்திரியில் சேர்ந்தால்கூட வீடு மாற்ற வேண்டிவரும், அதற்கு யாரும் குற்றவாளி இல்லை.

வீட்டில் உள்ள 18 வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் பின்னணிச் சோதனை, அண்ணன் கல்லூரியிலிருந்து லீவுக்கு வருவதானால் அவருக்கும். மாவட்டம் கேட்காவிட்டாலும் செய்யுங்கள்.

#10 பிட்ஸ்பர்க்_மீனா
நன்றி டீச்சர். 16 வயசுப் பசங்க கார் ஓட்டுறாங்களே, ஜெர்மன் விருந்தாளியைக் கூட்டிட்டுப் போகலாமா?

#11 ஒஹையோ_டீச்சர்
விருந்தினர் ஓட்டவே கூடாது. மாணவர் ஓட்டும் காரில் ஏறலாமா என்பதை ஜெர்மன் பெற்றோர் எழுத்தில் முடிவு செய்யட்டும். பல மாநிலங்களில் புது உரிமம் உள்ளவர் எத்தனை பேரை ஏற்றலாம் என்பதற்கே வரம்பு உண்டு. மஞ்சள் பஸ்ஸில் ஏற்றவும் மாவட்டப் போக்குவரத்துப் பிரிவிடம் பெயர் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் முதல் நாளே டிரைவர் இறக்கிவிடுவார்.

மதுவுக்கும் இப்போதே விதி எழுதுங்கள். ஜெர்மனியில் 16 வயதில் பீரும் வைனும் சட்டப்படி வாங்கலாம். விருந்தோம்பும் அப்பா இரவுச் சாப்பாட்டில் இயல்பாக ஊற்றிக் கொடுப்பார், அவர் பார்வையில் அது தவறில்லை. அதனால் “பயணம் முழுவதும் மது இல்லை” என்ற விதி மாணவரிடம் மட்டும் இருந்தால் போதாது, ஜெர்மன் மொழியில் அந்த வீட்டுக்கும் போக வேண்டும்.

#12 கறுங்காடு_வாத்தி
இதில எனக்கு ஒரு முரண்பாடு டீச்சர். முழுத் தடையை எழுதிப்போட்டு, ஒரு வாய் குடிச்ச பிள்ளையை உடன வீட்டுக்கு அனுப்புறம் எண்டு வெருட்டினா, பிள்ளையள் ஒருத்தரும் உண்மை சொல்லமாட்டினம். காய்ச்சல் எண்டாலும் ஒளிப்பினம். முதல் தடவைக்கு என்ன, ரெண்டாவதுக்கு என்ன, வீட்டுக்கு அனுப்பிற செலவு யாருக்கு எண்டு படிப்படியா எழுதுங்கோ.

#13 ஒஹையோ_டீச்சர்
படிப்படி நல்லதுதான். ஆனால் அமெரிக்க மாவட்டம் தன் நடத்தை விதியைப் பயணத்துக்காகத் தளர்த்தாது. வீட்டுக்கு அனுப்பும் முடிவை ஒரு ஆசிரியர் தனியாக எடுக்கக்கூடாது என்று மட்டும் சேர்த்துக்கொள்ளலாம்.

#14 டோர்ட்முண்ட்_சுதன்
இப்ப டிக்கெற். பத்துப் பேருக்கு மேல எண்டா விமானக் கம்பனியளின்ர குழுப் பதிவுக்குப் போங்கோ. முன்பணம் கட்டி இடத்தைப் பிடிச்சிட்டு, பேர்களைப் பிறகு குடுக்கலாம். இணையத்தில தனித்தனியா மலிவா எடுத்தா ஒரு பிள்ளை விலகினா பேர் மாத்தேலாது, ஒரு பறப்பு ரத்தானா 16 பேரும் வேற வேற பிளேனில போவினம். பயண ரத்துக் காப்பீடு எடுக்கேக்க விசா மறுப்புக்குக் காசு தருமோ எண்டு பாருங்கோ, பொதுவா தராது.

காசை வாத்தியாரின்ர சொந்தக் கணக்கில போடக்கூடாது, ரெண்டு பக்கமும். பள்ளிக் கணக்கு, ரெண்டு கையெழுத்து.

#15 பிட்ஸ்பர்க்_மீனா
புரிஞ்சுது, டிக்கெட் வாரிய ஒப்புதலுக்கு அப்புறம். ரெண்டு பிள்ளைகள் சுத்த சைவம். மூணு வாரம் தாங்குமா?

#16 கறுங்காடு_வாத்தி
தாங்கும், ஆனா “சைவம்” எண்ட ஒரு சொல்லோட விடாதேங்கோ. மீனும் வேண்டாம், இறைச்சி அவிச்ச சூப்புத் தண்ணியும் வேண்டாம், ஜெலட்டினும் வேண்டாம், பால் முட்டை சரியோ பிழையோ எண்டு வரி வரியா எழுதுங்கோ. இந்தப் பக்கத்து மவுல்டாஷன் எண்ட அடைச்ச பாஸ்தாவுக்குள்ள வழமையா இறைச்சிதான், கம்மிக் கரடி மிட்டாயில ஜெலட்டின். பின்னேரச் சாப்பாடு கன வீடுகளில சூடா இராது: பாண், சீஸ், வெள்ளரிக்காய், தக்காளி. இது பிள்ளையைக் கவனிக்கேல்லை எண்டதில்லை, அவையின்ர பழக்கம். சூட்டுச் சாப்பாடு மத்தியானம் முடிஞ்சிடும். இதை முதல்லயே சொல்லிவிட்டா இரவு பத்து மணிக்கு அம்மாவுக்கு அழுதபடி கோல் வராது.

#17 மருந்துப்பெட்டி
மருந்து பற்றி யாரும் எழுதலை. கவனக்குறைவுக்கு (ஏ.டி.எச்.டி.) அமெரிக்கப் பிள்ளைகள் எடுக்கும் மாத்திரைகளில் பல ஜெர்மனியில் போதைப்பொருள் சட்டத்துக்குள் வரும். பயண நாளுக்கு மட்டுமான அளவு, அதிகபட்சம் 30 நாளுக்கு. மூல மருந்தின் பெயர், ஒரு நாள் அளவு எழுதிய டாக்டர் கடிதம். மருந்துக்கடை ஒட்டிய லேபிளுள்ள அதே குப்பி. வாரப் பெட்டியில் கொட்டி எடுத்துப் போகவேண்டாம். கடும் ஒவ்வாமைக்கான ஊசி, எபிபென், இரண்டு, கைப்பையில். தொலைந்தால் அங்கே எளிதில் கிடைக்கும் என்று நம்பி இருக்கக்கூடாது.

ஜெர்மன் பிள்ளைகளுக்கு அவர்களின் அரசு மருத்துவக் காப்பீடு அமெரிக்காவில் செல்லாது. வெளிநாட்டு மருத்துவக் காப்பீடும், பிறர் பொருளை உடைத்தால் கொடுக்கும் பொறுப்புக் காப்பீடும் சேர்த்து எடுக்கணும்.

அமெரிக்காவிலிருந்து முடி நேராக்கும் இரும்பைக் கொண்டுபோக வேண்டாம். 120 வோல்ட் சாதனத்தை வெறும் பிளக் மாற்றியில் செருகி 230 வோல்ட்டில் போட்டால் ஒரு தடவை புகைந்து நிற்கும். போன் சார்ஜரில் 100–240 என்று அச்சிட்டிருக்கும், அதற்கு மாற்றி போதும்.

#18 டோர்ட்முண்ட்_சுதன்
ஜேர்மனியில பிள்ளையள் ட்ராமிலயும் ரயிலிலயும்தான் பள்ளிக்குப் போவினம். டொய்ச்லாண்ட் டிக்கெற் 2026இல மாதம் 63 யூரோ, வேகமான தூர ரயில் தவிர நாடு முழுக்க உள்ளூர் வண்டியள் எல்லாம். ஆனா அது கலண்டர் மாதக் கணக்கு, தானாப் புதுப்பிக்கும். யூன் 15 – யூலை 5 எண்டா ரெண்டு மாதக் காசு. ஒரு மாதக் கடைசியோட நிப்பாட்ட அதே மாதம் 10ஆம் தேதிக்குள்ள சொல்லவேணும். யூலை ஐந்து நாளுக்குக் குழு நாள் டிக்கெற் மலிவோ எண்டு கணக்குப் பாருங்கோ.

#19 பிட்ஸ்பர்க்_மீனா
ஜூன் 8 – 28 ஆக மாத்தினா?

#20 டோர்ட்முண்ட்_சுதன்
அப்ப ஒரே மாதம். ஃபிங்ஸ்ட்ஃபேரியன் 2026இல யூன் 5ஓட முடியுது, 2027இல இன்னும் முந்தி. உங்கட பள்ளி யூன் 8க்கு முன்னால முடியுதோ எண்டு மட்டும் பாருங்கோ அக்கா.

#21 ஒஹையோ_டீச்சர்
ஜெர்மன் பிள்ளைகள் வருவதற்கு முன் அவர்களிடம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: துப்பாக்கிக்காரர் நுழைந்தால் என்ன செய்வது என்ற லாக்டவுன் பயிற்சி. விளக்கு அணைத்து, கதவைப் பூட்டி, மூலையில் அமைதியாக உட்காருவது அமெரிக்க மாணவருக்குத் தீயணைப்புப் பயிற்சி மாதிரி. முன்னறிவிப்பில்லாமல் மாட்டும் விருந்தினர் நிஜம் என்றே நினைப்பார். அலுவலகத்தில் அந்த மூன்று வாரத்துக்கான பயிற்சித் தேதியைக் கேட்டு வாங்கி, பக்கத்தில் உட்காரும் கூட்டாளி மாணவரிடம் சொல்லி வையுங்கள்.

காலைக் கொடி உறுதிமொழியிலும் குழம்புவார்கள். 1943 பார்னெட் வழக்கில் உச்ச நீதிமன்றம் எந்த மாணவரையும் சொல்லக் கட்டாயப்படுத்த முடியாது என்று தீர்த்துவிட்டது. மரியாதைக்கு எழுந்து சும்மா நின்றால் போதும். ஆசிரியர்களுக்கும் இதை ஒரு மின்னஞ்சலில் நினைவூட்டுங்கள்.

#22 கறுங்காடு_வாத்தி
படம் எடுக்கிறதும் இருக்கு. ஜேர்மன் பெற்றோர் கையெழுத்தில்லாமல் ஒரு பிள்ளையின்ர முகத்தையும் பள்ளிப் பக்கத்தில போடேலாது. அமெரிக்கப் பள்ளிகள் முதல் நாளே குழுப்படத்தைப் போட்டுடுவினம், பிறகு அதிபருக்கு இஞ்ச இருந்து கடிதம் போகும். சம்மதப் படிவத்தை வீட்டுப் படிவத்தோட சேத்தே வாங்குங்கோ.

#23 பிட்ஸ்பர்க்_மீனா
குறிச்சுக்கிட்டேன். இந்த வாரம் டீச்சரோட உட்கார்ந்து பாஸ்போர்ட் பட்டியல் போடுறோம்: நாடு, காலாவதி, ஸ்டாம்ப் தேதி, இரட்டைக் குடியுரிமை. அக்டோபர் கடைசியில ரெண்டு பக்கப் பெற்றோருக்கும் ஒரு வீடியோ சந்திப்பு வைக்கலாம்னு இருக்கோம்.

#24 டோர்ட்முண்ட்_சுதன்
நேரத்தைப் பாத்து வையுங்கோ. ஐரோப்பாவில அக்டோபர் கடைசி ஞாயிறு மணிக்கூட்டை மாத்துவினம், அமெரிக்காவில நவம்பர் முதல் ஞாயிறு. இடையில உள்ள அந்த ஒரு கிழமை உங்களுக்கும் எங்களுக்கும் ஆறு மணித்தியாலம் இல்லை, ஐந்துதான்.